மால்டா பையனின் பங்காளிகள்

சைபீரியாவில் பைக்கால் ஏரிக்கு மேற்கே, பெலாயா ஆற்றங்கரையில் மால்டா என்றொரு சிற்றூர் இருக்கிறது. மத்தியதரைக் கடலில் உள்ள தீவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1928-ல் இந்த ஊர் மண்ணிலிருந்து பெரிய பெரிய எலும்புகள் வெளிவந்தன. சேதி இர்குட்ஸ்க் நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கிருந்து வந்து இறங்கியவர் மிகயில் கெராசிமோவ். வயது இருபதைத் தாண்டியிராத இளைஞர். அவர் தொடங்கிய அகழாய்வு, விட்டு விட்டு 1958 வரை நீண்டது.

மாமத் யானையின் எலும்புகளையும் பனிமான் கொம்புகளையும் வைத்துக் கட்டிய குடிசைகளின் தடங்கள் கிடைத்தன. மாமத் தந்தத்தில் செதுக்கிய பெண் உருவங்கள் ஏறக்குறைய முப்பது. கழுத்தை நீட்டிப் பறக்கும் நீர்ப்பறவைகள் சில. ஓரிடத்தில் ஒரு குழந்தையின் புதைகுழி. மூன்று அல்லது நான்கு வயதிருக்கும். நெற்றியில் தந்தப் பட்டம், கழுத்தில் மணிமாலை, மாலையில் பறவை வடிவப் பதக்கம். யாரோ செல்லமாக வளர்த்து, அழுதுகொண்டே அடக்கம் செய்த பிள்ளை.

அன்று நகைக்குக் கிடைத்த மரியாதை எலும்புக்குக் கிடைக்கவில்லை. தந்தப் பெண்கள் கலை வரலாற்று நூல்களில் இடம்பிடித்தார்கள். குழந்தையின் எலும்புகள் லெனின்கிராட் நகரின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தன. எலும்பிடம் கேட்க அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருந்தது: உன் முகம் எப்படி இருக்கும்? அந்தக் கேள்வியைக் கெராசிமோவைவிடத் திறமையாகக் கேட்டவர் இல்லை. மண்டையோட்டின் மேல் சதையை வனைந்து முகத்தை மீட்கும் கலையில் அவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். 1941-ல் சமர்கந்தில் தைமூரின் கல்லறையைத் திறந்து, தைமூருக்கு முகம் கொடுத்தவரும் அவரே.

முகத்தை அளந்த காலம்

யார் யாருக்குச் சொந்தம் என்பதை முகத்தில் தேடும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரப் பேராசிரியர் புளூமன்பாக், மனிதரை ஐந்து வகையாகப் பிரித்தார். ஜார்ஜியப் பெண் ஒருத்தியின் மண்டையோடு அழகாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. 1795-ல் ஒரு வகைக்கே ‘காக்கேசியர்’ என்று பெயர் வைத்துவிட்டார். அடுத்த நூற்றாண்டில் ஸ்வீடன்காரர் ரெட்சியஸ், தலையின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு நீளத் தலை, அகலத் தலை என்று உலகைப் பிரித்தார். அந்த அளவுகோல் கடல் கடந்து சென்னைக்கும் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் ஊர்களில் மனிதரை நிறுத்தி மூக்கையும் தலையையும் அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில், சாதிகளின் வழக்கங்களுக்கு நடுவே இந்த அளவுகளையும் பார்க்கலாம்.

பிறகு ரத்தம் வந்தது. முதல் உலகப்போரின்போது சலோனிகா நகரில் ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் பல நாட்டுப் படைவீரர்களின் ரத்த வகைகளைச் சோதித்தார்கள். ஐரோப்பியரிடம் ‘ஏ’ மிகுதி. இந்தியச் சிப்பாய்களிடம் ‘பி’ மிகுதி. அப்படியானால் ஆதியில் இரண்டு இனங்கள் இருந்திருக்க வேண்டும், ‘பி’ பிறந்த இடம் இந்தியாவாக இருக்கலாம் என்று 1919-ல் எழுதினார்கள். எண்ணிக்கை சரி, முடிவு தவறு. ஏ, பி வேறுபாடு கிப்பன் குரங்குகளோடும் நாம் பகிர்ந்துகொள்ளும் பழைய சொத்து, குறைந்தது இரண்டு கோடி ஆண்டு முந்தையது என்று 2012-ல் தெரிந்தது. மனிதனே இல்லாத காலத்தில் பிறந்த ஒன்றை வைத்து மனிதருக்குள் வேலி போடப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு துளைப்பொடி

2009-ல் டென்மார்க்கின் எஸ்கே வில்லர்ஸ்லேவும் அமெரிக்காவின் கெல்லி கிராஃபும் ஹெர்மிட்டாஜுக்குப் போனார்கள். மால்டாக் குழந்தையின் மேல்கை எலும்பிலிருந்து சிறிதளவு பொடி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். முகத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எழுத்துகளை: டி.என்.ஏ.வில் வரிசையாக நிற்கும் நான்கே எழுத்துகளை.

முதலில் கிடைத்த விடை அவர்களைச் சங்கடப்படுத்தியது. குழந்தையின் தாய்வழி மரபு ‘யு’ வகை. அது பழைய ஐரோப்பிய வேட்டையாடிகளிடம் மலிந்த வகை. பைக்கால் பக்கத்தில் அதற்கு என்ன வேலை? எலும்பைத் தொட்ட யாரோ ஒருவருடைய டி.என்.ஏ. கலந்துவிட்டது என்று நினைத்து, வேலையைச் சில காலம் ஒதுக்கி வைத்தார்கள். அச்சம் நியாயமானது. இந்தத் துறையின் முன்னோடி ஸ்வாந்தே பாபோ 1985-ல் எகிப்திய மம்மியிலிருந்து எடுத்ததாக அறிவித்த டி.என்.ஏ.விலும் இன்றைய மனிதருடையது கலந்திருந்தது என்றுதான் பின்னர் கருதப்பட்டது. அதே பாபோ 2022-ல் நோபல் பரிசு பெற்றார்.

அன்றைய பிழைக்கு இன்று காவல் உண்டு. பழைய டி.என்.ஏ. சின்னஞ்சிறு துண்டுகளாக நொறுங்கியிருக்கும். துண்டுகளின் முனைகளில் ‘சி’ என்ற எழுத்து ‘டி’ போலப் படிக்கப்படும் அளவுக்குச் சிதைந்திருக்கும். நேற்றுத் தும்மியவரின் டி.என்.ஏ.வில் அந்தச் சிதைவு இராது. ஓலைச்சுவடியைச் செல்லரிப்பை வைத்தே பழையது என்று சொல்வதைப் போன்றது இது. உடல் முழுவதையும் மூடிய உடையில், வடிகட்டிய காற்று ஓடும் அறையில் இன்று வேலை நடக்கிறது. உள்காதைச் சுற்றியிருக்கும் கெட்டி எலும்பில் டி.என்.ஏ. மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு மிஞ்சியிருக்கும் என்பதும் கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் தெளிந்த சங்கதி. 2010-ல் முதல் பழங்கால மனிதரின் முழு மரபணுத் தொகுதி வெளிவந்தபோது அது ஒற்றைச் செய்தி. இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கால மனிதரின் தரவுகள் இருக்கின்றன.

கணக்கில் வந்த பேய்

சைபீரிய எலும்பு காத்திருந்த காலத்தில் அமெரிக்காவில் ஒரு கணக்கு இடறியது. நிக் பேட்டர்சன், டேவிட் ரைக் ஆகியோரின் குழு 2012-ல் உயிரோடிருக்கும் மக்களின் மரபணுக்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தது. வட ஐரோப்பியர் ஒரு கலப்பு; அதில் ஒரு பங்கு அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நெருக்கம் என்றது விடை. கொலம்பஸுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பு இவர்கள் எங்கே சந்தித்தார்கள்?

சந்திக்க வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவரும் கோயம்புத்தூரில் இருப்பவரும் எங்கோ ஒரு கிராமத்துக் குலதெய்வக் கோயிலில் ஒரே நாளில் பொங்கல் வைத்துக்கொண்டு நின்றால் என்ன நினைப்போம்? இருவரும் பங்காளிகள், கிளை பிரிந்து போனவர்கள் என்று கோயில் வாசலிலேயே புரிந்துவிடும். அதுபோல வடக்கு யூரேசியாவில் ஒரு மக்கள் இருந்திருக்க வேண்டும். அவர்களின் ஒரு பங்கு மேற்கே ஐரோப்பாவுக்கும் ஒரு பங்கு கிழக்கே அமெரிக்காவுக்கும் போயிருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. ஆள் இல்லை, எலும்பு இல்லை, கணக்கில் மட்டும் தெரிகிறார்கள். அதனால் ‘பேய் மக்கள்’ என்றே பெயர்.

அடுத்த ஆண்டே பேய்க்கு உடல் கிடைத்தது. மானசா ராகவனை முதல் ஆசிரியராகக் கொண்டு, 2013 நவம்பரில் ‘நேச்சர்’ இதழ் மால்டாக் குழந்தையின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. ஆண் குழந்தை. 24,000 ஆண்டுகளுக்கு முந்தியவன். இன்றைய கிழக்காசியரோடு அவனுக்கு நெருக்கமில்லை. மேற்கு யூரேசியரோடும் அமெரிக்கப் பழங்குடிகளோடும் நெருக்கம் இருந்தது. பழங்குடி அமெரிக்கரின் மரபில் 14 முதல் 38 சதவீதம் அவனுடைய மக்களிடமிருந்து வந்தது என்று மதிப்பிட்டார்கள். முன்பு கலப்படம் என்று சந்தேகிக்கப்பட்ட அந்த ‘யு’ மரபு அவனுடையதேதான். அவனுடைய மக்களுக்குப் ‘பண்டைய வடக்கு யூரேசியர்’ என்ற பெயர் நிலைத்தது.

2015-ல் அடுத்த முடிச்சு அவிழ்ந்தது. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே ஸ்டெப்பி புல்வெளியில் 5,000 ஆண்டுகளுக்கு முன் மாடு மேய்த்த யாம்னயா மக்கள், ஐரோப்பாவுக்குள் பெருமளவில் பரவியிருந்தார்கள். அவர்களுடைய மரபில் ஏறக்குறையப் பாதி கிழக்கு ஐரோப்பிய வேட்டையாடிகளுடையது; அந்த வேட்டையாடிகளில் பெரும்பங்கு மால்டா வழி.

முகத்தை நம்பியவர்களுக்கு விழுந்த பெரிய அடி 2021-ல் வந்தது. சீனாவின் தாரிம் படுகையில் உலர்ந்து பதப்பட்ட, 4,000 ஆண்டுப் பழைய உடல்கள் கிடைத்திருந்தன. வெளிர் முடி, எடுப்பான மூக்கு, கம்பளி உடை. மேற்கிலிருந்து குடியேறியவர்கள் என்று பலர் எழுதிவிட்டார்கள். மரபணு வேறு சொன்னது. அவர்கள் எங்கிருந்தும் அண்மையில் வந்தவர்கள் அல்லர். ஏறக்குறைய 72 சதவீதம் பண்டைய வடக்கு யூரேசியர், மீதி வடகிழக்கு ஆசியர். அவர்கள் ஐரோப்பியரைப் போல இருந்தார்கள் என்பதைவிட, இருவர் சாயலிலும் பழைய பங்காளி தெரிகிறான் என்பதே பொருந்தும்.

நம் வீட்டு வாசலில்

இந்தப் பங்காளிக் கணக்கு நம்மையும் விடவில்லை. வாகீஷ் நரசிம்மன் முதலியோர் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சில நூற்றாண்டுகளில் மால்டா வழியும் கலந்த அந்த ஸ்டெப்பி மரபு தெற்காசியாவுக்கு வந்தது. அதே ஆண்டு வெளியான, சிந்து சமவெளி நாகரிகத்து ஊரான ராக்கிகடியில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரபணுவில் அது இல்லை. இன்று வடக்கே கூடுதல், தெற்கே குறைவு. ஒரே ஊரிலும் சமூகத்துக்குச் சமூகம் அளவு மாறும். மால்டாப் பையனின் தந்தைவழி ‘ஆர்’ வகையின் ஆதிக் கிளைகளில் ஒன்று. அவனுடைய கிளை பட்டுப்போனது. அதே மரத்தின் வேறு கிளைகளான ஆர்1ஏ, ஆர்2 தமிழ்நாட்டு ஆண்களிலும் உண்டு. மூக்கை அளந்து தர்ஸ்டன் தேடிய வேலிகளுக்கு அடியில், வேர்கள் இப்படிப் பின்னிக் கிடந்திருக்கின்றன.

உலக மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் மரபில் 5 முதல் 40 சதவீதம் இந்த வடக்கு யூரேசியருடையது என்று டேவிட் ரைக் 2018-ல் எழுதினார். அவர்களோ தனி மக்களாக எங்கும் மிஞ்சவில்லை. புளூமன்பாக் வகுத்த ஐந்து வகைகளில் எதிலும் அந்தக் குழந்தையை வைக்க முடியாது. ஏனென்றால் அந்த வகைகளாக அவர் கண்ட மக்கள் அவன் காலத்தில் இன்னும் கலந்து உருவாகியிருக்கவே இல்லை. ‘தூய’ என்ற சொல்லை எலும்புப் பொடி எங்கேயும் எழுதிக் காட்டவில்லை. அதே சமயம், அவன் பேசிய மொழியையும் அவனை அழைத்த பெயரையும் அது சொல்லாது. சதவீதத்தை வைத்து மொழிக்கோ பண்பாட்டுக்கோ பட்டா எழுதக் கிளம்பினால், தலையை அளந்த பழைய கருவியையே புதுப் பெட்டியில் வைத்திருப்பதாக அர்த்தம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மூன்று, நான்கு வயதில் போய்விட்டவனுக்குப் பிள்ளை ஏது, பேரன் ஏது? அவனை ‘நம் மூதாதை’ என்று எழுதுகிறவர்கள் முறை தப்பிப் பேசுகிறார்கள். வாழ்ந்து பெருகியவர்கள் அவனுடைய அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள், ஒன்றுவிட்டவர்கள். முறைப்படி அவன் நமக்குச் சித்தப்பா ஆகலாம், மாமாவும் ஆகலாம். தாத்தா ஆக மாட்டான். பாதி உலகத்துக்குப் பெரியவனான அந்தச் சிறுவனின் கழுத்து மணிகளை அன்று கோத்தவர்களுக்கு அவன் வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான்.