புல்வெளிக்கு வந்த குடும்பம்

தோழியரே, குடும்ப வரலாறு எழுதுவது எளிது என்று நாம் எண்ணுகிறோம். பாட்டி சொன்னதை அப்படியே எழுதினால் போதாதா? போதாது என்பதை அமெரிக்காவின் இங்கல்ஸ் குடும்பத்தின் கதை நமக்கு உணர்த்துகிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டின் மேற்குப் புல்வெளிகளை நோக்கி மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். அரசின் நில அளவையாளர்கள் அப்புல்வெளிகளை ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் உள்ள சதுரங்களாகப் பிரித்தனர். அத்தகைய சதுரத்திற்கு 'டவுன்ஷிப்' என்று பெயர். அதில் 36 பிரிவுகள். ஒரு பிரிவு 640 ஏக்கர். 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்தவருக்குக் கால் பிரிவு, அதாவது 160 ஏக்கர், சிறு கட்டணத்தில் சொந்தமாயிற்று. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும்கூட இவ்வுரிமையைப் பெற முடிந்தது.

சார்லஸ் இங்கல்ஸும் அவர் மனைவி கரோலினும் மேரி, லாரா என்னும் இரு சிறுமியருடன் கூண்டு வண்டியில் கான்சாஸ் சென்றனர். 1870-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் ரட்லண்டு டவுன்ஷிப்பில் அவர்கள் பெயர் காணப்படுகிறது. அங்கே குடும்பம் முழுவதும் மலேரியாக் காய்ச்சலில் விழுந்தபோது, ஜார்ஜ் டான் என்னும் கறுப்பின மருத்துவர் சிகிச்சை செய்தார். ஆயினும் 1871-இல் அவ்விடத்தை விட்டு அவர்கள் வெளியேறினர்.

பின்னர் மின்னசோட்டாவில் வெட்டுக்கிளிகள் கோதுமையை அழித்தன. தந்தை கூலி வேலை தேடி நெடுந்தூரம் நடந்தார். 1876-இல் ஒன்பது மாத ஆண் குழந்தை இறந்தது. 1879-இல், 14 வயதில், மேரி பார்வையை இழந்தாள்.

1880-இல் டகோட்டாப் பகுதியில் டி ஸ்மெட் என்னும் சிற்றூருக்கு அருகே சார்லஸ் நிலம் பதிவு செய்தார். அவ்வாண்டுக் குளிர்காலம் மிகக் கொடியது. பனிப்புயலால் இரயில் மாதக்கணக்கில் வரவில்லை. விறகும் இல்லை, நிலக்கரியும் இல்லை. வைக்கோலை முறுக்கி எரித்தனர். காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டனர். 1886-இல்தான் நிலம் அவர்கள் பெயருக்கு உரிமையாயிற்று. லாரா இளவயதிலேயே ஆசிரியை ஆனாள். மேரி பார்வையற்றோர் கல்லூரியில் படிப்பதற்கு அவள் உழைப்பும் உதவியது.

இந்நினைவுகளை லாரா இங்கல்ஸ் வைல்டர் நூல்களாக எழுதினார். முதல் நூல் 1932-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 65!

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. கான்சாஸில் அவர்கள் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் பழங்குடியினருக்கு உரியது. நிலம் விற்பனைக்கு வரும் முன்பே குடியேறியோர் அங்கே புகுந்துவிட்டனர். அந்நெருக்கடியில் ஓசேஜ் மக்கள் 1870-இல் நிலத்தை விற்க இசைந்து, இன்றைய ஓக்லகோமாவிற்குப் பெயர்ந்தனர். 1935-இல் வந்த நூலிலோ, அங்கே மனிதரே இல்லை, பழங்குடியினர் மட்டுமே இருந்தனர் என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. அப்படியானால் பழங்குடியினர் மனிதர் இல்லையா? 1950-களில் வாசகர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினார். முதுமையில் இருந்த லாரா தம் பிழையை ஒப்புக்கொண்டார். 'மனிதர்' என்ற சொல் 'குடியேறியோர்' என்று திருத்தப்பட்டது.

அக்குடும்பத்தின் துணிவும் உழைப்பும் உண்மை. ஓசேஜ் மக்களின் இழப்பும் அதே அளவு உண்மை. இரண்டையும் ஒருங்கே எழுதுவதே வரலாறு. தோழியரே, இவ்விடுமுறையில் நம் பாட்டியிடம் குடும்பக் கதை கேட்போம். பழைய பத்திரங்களையும் பார்ப்போம். கூடவே, "நாம் வருமுன் இங்கே யார் இருந்தார்கள்?" என்ற கேள்வியையும் கேட்க மறவாதிருப்போம்.