மூவாயிரம் சொல்லுக்குள் ஒரு பனியன் கம்பெனி!

தரையெல்லாம் சார்ட் பேப்பர்! கால் வைக்க இடமில்லை. திருப்பூரில் என் அக்கா வீட்டு மாடி அறை. எம்.பி.ஏ. படிக்கும் அக்கா மகளும் அவளுடைய தோழிகள் இருவரும் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டுரைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'ஏதேனும் ஒரு தொழில்துறையில் மனிதவள மேலாண்மை, 3,000 சொற்கள்.' கல்லூரி சொன்னது இவ்வளவுதான். இன்னும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அறையில் இருக்கும் குதூகலத்துக்குக் காரணமே அதுதான். எழுதி முடித்த கட்டுரையை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். அது கருவாகும் நேரத்தில் பக்கத்தில் உட்கார எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்திருக்கிறது, விடுவேனா!

வகுப்பில் பாதிப் பேர் ஐ.டி. துறையை எடுத்திருக்கிறார்கள். இவர்களும் அதைத்தான் எடுப்பதாக இருந்தது. காபி கொண்டுவந்த அக்கா ஒரு கேள்வி கேட்டாள். "வாசல்ல நின்னாத் தெரியறது பனியன் கம்பெனி. நீங்க எதுக்குக் கண்ணு பெங்களூர் போறீங்க?" அக்கா பல வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தவள். மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான், ஐ.டி. எழுதிய சார்ட் சுருட்டி மூலைக்குப் போய்விட்டது.

முதலில் போட்ட தலைப்பு 'ஜவுளித் துறையில் மனிதவள மேலாண்மை'. அந்தத் தலைப்பில் எழுத உட்கார்ந்தால் முப்பதாயிரம் சொல் போதாது. நூல் மில் ஒரு உலகம், சாயப்பட்டறை இன்னொரு உலகம். நிட்டிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றிலும் வேலைக்கு வருகிறவர்கள் வேறு, சம்பள முறை வேறு. ஆகவே வெட்டு! ஜவுளி போய்ப் பின்னலாடை வந்தது. பின்னலாடை போய்த் தையல் பிரிவு வந்தது. அதிலும் பேட்லாக், ஓவர்லாக், சிங்கர் மெஷின் டைலர்களும் அவர்களுக்கு உதவும் கைமடி ஆட்களும் மட்டும். கடைசியில் பச்சை ஸ்கெட்ச்சில் ஒற்றைக் கேள்வி நின்றது: 'நன்றாகத் தைக்கிற ஒரு டைலர் ஏன் கம்பெனி மாறுகிறார்?' கைதட்டல்! ஒரு கட்டுரை பிறக்கும் தருணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். தலைப்பு இருக்கும்வரை பாடப்புத்தகம்தான் பேசிக்கொண்டிருக்கும். கேள்வி வந்துவிட்டால் ஊர் பேச ஆரம்பித்துவிடும்.

பேசியும்விட்டது. பாடப்புத்தகத்தில் 'ஆள்சேர்ப்பு' என்று ஓர் அத்தியாயம். திருப்பூரில் அது கம்பெனி கேட்டில் தொங்கும் 'டைலர்கள், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை' போர்டு. இல்லாவிட்டால் கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள் காண்ட்ராக்டரின் செல்போன். 'ஊதிய நிர்வாகம்' என்பது சனிக்கிழமைச் சம்பளம். 'பணியாளர் வெளியேற்றம்' என்ற அத்தியாயத்துக்கு அக்கா ஒரே வரியில் உரை எழுதிவிட்டாள். "தீபாவளி போனஸ் வாங்கற வரைக்கும் இருப்பாங்க கண்ணு, அப்புறம் யாரு எங்க போவாங்கன்னு சொல்ல முடியாது." ஒரு தோழி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். என்னைக் கேட்டால் அந்த வரிக்கு மட்டும் தனி மதிப்பெண் தரலாம்.

இனிமேல்தான் அசல் கூத்து. ஷிஃப்ட் கணக்கு! திருப்பூரில் யாரும் 'எத்தனை மணி நேரம் வேலை' என்று கேட்பதில்லை, 'எத்தனை ஷிஃப்ட்' என்றுதான் கேட்பார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய் மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு ஷிஃப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் பல இடங்களில் ஒன்றரை ஷிஃப்ட். சாப்பாட்டு இடைவேளை போக எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, கூடுதலாக மூன்று மணி நேரத்துக்கு அரை. கணக்கு தாராளமாகத்தானே இருக்கிறது? அக்கா மகள் சட்டத்தைப் புரட்டினாள். மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்கிறது சட்டம். அப்படியானால் மூன்று மணி நேரத்துக்கு ஆறு மணி நேரச் சம்பளம்; அரை ஷிஃப்ட் இல்லை, முக்கால் ஷிஃப்ட்! "சித்தி, ஒன்றரை இல்ல, ஒண்ணேமுக்கால்!" என்று கத்தினாள் பாருங்கள், கீழ்வீட்டில் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர்களின் கணக்கு வேறு என்பதால் அதற்குத் தனிக் கட்டம் போட்டார்கள். ஆனாலும் கட்டுரையின் நெஞ்சு எங்கே துடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. 3,000 சொற்களில் 900 இந்த ஒன்றரைக்கும் ஒன்றேமுக்காலுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு ஒதுக்கியாயிற்று.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நூலகப் புத்தகங்கள் எல்லாம் 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தைச் சொல்கின்றன. ஆனால் 29 பழைய சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. இரட்டிப்பு ஊதியம் அவற்றிலும் உண்டு. கூடவே, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உடனே கேள்விப் பட்டியலில் 'கையில் கடிதம் இருக்கிறதா?' சேர்ந்தது.

அடுத்து கோட்பாடு. நான் கொட்டாவிக்குத் தயாராக இருந்தேன், வரவே இல்லை! மனிதவள மேலாண்மையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் இரண்டு மாதிரிகள் உண்டு. ஃபோம்பிரன், டிச்சி, டெவன்னா மூவரும் தந்த மிச்சிகன் மாதிரி ஒன்று. அது தேர்வு, மதிப்பீடு, வெகுமதி, வளர்ச்சி என்ற நான்கு கண்ணிகளால் ஆளையும் வியூகத்தையும் இணைக்கிறது. மைக்கேல் பியரும் சகாக்களும் தந்த ஹார்வர்டு மாதிரி இன்னொன்று. அது தொழிற்சங்கம், அரசு, சமூகம் எல்லாவற்றையும் பங்குதாரர்களாக மேசைக்குக் கூப்பிடுகிறது. இரண்டு புத்தகங்களும் வந்தது 1984-ல். ஒரு தோழி அந்த ஆண்டைச் சார்ட்டில் எழுதியதும் அக்கா மகள் துள்ளி எழுந்தாள். பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் 1984-ல்தானே!

அறை இரண்டுபட்டது. அமெரிக்கப் பேராசிரியர்கள் தொழிலாளியை எப்படி மேலாண்மை செய்வது என்று எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், நொய்யல் கரையில் தொழிலாளிகள் நான்கு மாதம் மெஷினைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விமர்சனப் பகுதி தானாகவே எழுந்து நிற்கிறது. மிச்சிகன் மாதிரியில் அந்த 127 நாளுக்கு இருக்கையே இல்லை. ஹார்வர்டு மாதிரியில் உண்டு. இன்றுவரை இங்கே முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். எந்த மாதிரியை எடுப்பது என்ற கேள்விக்கு ஊரின் சரித்திரமே விடை சொல்லிவிட்டது. ஷரத் சாரியின் 'ஃபிரட்டர்னல் கேப்பிடல்' (2004) நூலையும் எடுத்து வைத்தார்கள். தொழிலாளியாக இருந்தவர்களே முதலாளியான இந்த ஊரின் கதை அதில் இருக்கிறது. மெஷினில் உட்கார்ந்து எழுந்தவர் முதலாளி என்றால், மனிதவள அதிகாரிக்கு அங்கே என்ன வேலை? இதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இப்போதைக்கு மஞ்சள் ஸ்டிக்கரில் ஓரமாக ஒட்டியிருக்கிறது.

மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணம் வெளியே! எல்லாக் கட்டுரையிலும் அது இருக்கிறது என்பதே போதுமான காரணம். நான் மனதுக்குள் விசிலடித்தேன்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து தைப்பவர்களுக்கு 600 சொல். இங்கே பெண்கள் குரல் தணிந்தது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பலர் பயந்து ரயிலேறினார்கள். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துப் போனது. ஒரு வதந்தி மெஷின்களை நிறுத்தும் என்றால், தொழிலாளியின் மொழியில் பேசும் ஒருவர் கம்பெனிக்குள் இருப்பது எவ்வளவு பெரிய மனிதவளக் கொள்கை! பெண் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கு 2022-ன் திண்டுக்கல் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் கம்பெனியையும் வெளிநாட்டு பிராண்டையும் எழுத்தில் கட்டிப்போட்ட ஒப்பந்தம் அது. அதைக் கட்டுரையின் ஓரத்தில் வைக்கக் கூடாது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு அந்த நிமிடம் அவர்கள்மேல் பெருமதிப்பு வந்தது.

நேர்காணலுக்கு எப்படித் தயாராகிறார்கள் என்றும் பாருங்கள். 'வேலையில் திருப்தியா?' என்ற கேள்வியை அடித்துவிட்டார்கள். அதற்கு எல்லோரும் 'பரவாயில்லைங்க' என்றுதான் சொல்வார்கள். 'கடைசியாக எந்தக் கம்பெனியிலிருந்து மாறினீர்கள், அந்த வாரம் என்ன நடந்தது?' என்று கேட்கப்போகிறார்கள். பேர் எழுதுவதில்லை. மேனேஜர் நிற்கும் இடத்தில் கேட்பதில்லை. இந்தி பேசுகிறவர்களிடம் காண்ட்ராக்டரை மொழிபெயர்க்க வைப்பதில்லை, தோழி ஒருத்திக்கே இந்தி தெரியும். மேனேஜரையும் தனியாகப் பார்த்து, டைலர்கள் ஏன் மாறிப் போகிறார்கள் என்று கேட்பார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாத இடம்தான் தங்களுக்கு வேண்டும் என்கிறார்கள். கில்லாடிகள்!

முதல் ஆளைப் பிடிக்க அப்போதே போன் போட்டாயிற்று. அக்காவோடு வேலை பார்த்த ஓவர்லாக் டைலர் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு மார்க்கெட் போயிருவேனுங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, பிரியாணி ஆக்கச் சொல்றேன். எத்தனை பேர் வரீங்க?"

"மூணு பேர்ங்கண்ணா," என்றாள் அக்கா மகள்.

நான் அவள் கையைக் கிள்ளினேன்.

"இல்லைங்கண்ணா, நாலு!"