சோறு குறைந்தால் கறியும் மாற வேண்டும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், மாந்தை மேற்குப் பிரிவில் இருக்கிறது பெரியமடு. குளத்து நீரில் நெல் விளையும் ஊர். அதற்கு மேற்கே விடத்தல்தீவுக் கரை. மீன், நண்டு, இறால், கணவாய் எல்லாம் அங்கே கிடைக்கும். வயலும் கடலும் இவ்வளவு அருகில் இருந்தும், நம் கோப்பையில் நடு இடம் சோற்றுக்குத்தான். கறி ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். நீரிழிவென்றோ உடற்பருமனென்றோ தெரியவந்து, “சோற்றைக் குறையுங்கள்” என்று வைத்தியர் சொன்னால், பலரும் சோற்றைப் பாதியாக்கிவிட்டுப் பழைய கறியையே சாப்பிடுகிறார்கள். வயிறும் நிறைவதில்லை, வாய்க்கும் பிடிப்பதில்லை. சில நாளில் சோறு பழைய அளவுக்கே வந்துவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் காபோவைதரேற்று உண்டு. ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு சாப்பிட்டால் 84 கிராம். மீனில் அது அறவே இல்லை. முட்டை ஒன்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. கத்தரிக்காய், கோவா போன்றவற்றில் 100 கிராமுக்கு 6 கிராம் அளவில்தான், அதிலும் ஒரு பகுதி நார். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைந்தால் அதைக் குறைந்த காபோவைதரேற்று உணவு என்பது பொதுவான வரையறை. ஆக, ஒரு வேளைக்கு 100 கிராம் சோறு வைத்துக்கொண்டே அந்த எல்லைக்குள் நிற்கலாம்.

இந்த முறைக்கு வயது அதிகம். லண்டனில் சவப்பெட்டி செய்து விற்ற வில்லியம் பான்டிங், பாணையும் சீனியையும் பியரையும் உருளைக்கிழங்கையும் விலக்கி மெலிந்த கதையை 1863இல் சிறு நூலாக எழுதினார். இன்று பேலியோ, கீட்டோ என்ற பெயர்களில் தமிழிலும் புத்தகங்கள் உண்டு. ஆனால் நம் கைக்குப் பழகிய ருசி பழைய சமையல் நூல்களில்தான் இருக்கிறது. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. யாழ்ப்பாணச் சமையலைத் தொகுத்து, நேசா எலியேசர் பதிப்பித்த ஆங்கில நூல் 2003இல் வந்தது. சிக்கல் என்னவென்றால், இத்தகைய நூல்களில் உள்ள கறிகளில் பெரும்பாலானவை சோற்றையோ இடியப்பத்தையோ பிட்டையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் சோற்றைக் கழித்துவிட்டு வாசிக்கப் பழக வேண்டும்.

கழிக்கும்போது முதலில் மாறுவது உப்பு, உறைப்பு, புளிப்பு. ஒரு கரண்டி குழம்பு ஐந்து பிடி சோற்றுக்குப் போதும் என்ற கணக்கில் அவை போடப்படுகின்றன. அதே மீன்குழம்பைச் சோறு குறைத்துச் சாப்பிட்டால் நாக்கு எரியும், தாகம் எடுக்கும். மிளகாய்த்தூளையும் பழப்புளியையும் பாதியாகக் குறைத்து, உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும். மீனின் அளவையோ கூட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு என்பது சோற்றுக்காரர் கணக்கு.

அடுத்தது குழம்பின் பதம். ஊறிக்கொள்ளச் சோறு இல்லாவிட்டால் தண்ணீர்க் குழம்பு கோப்பையில் ஓடும். ஒன்றில் பிரட்டலாக வற்றவிட வேண்டும், அல்லது குடிக்கக்கூடிய சொதியாக இளக்க வேண்டும். சொதிக்கு மா தேவையில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலையைத் தேங்காயின் இரண்டாம் பாலில் அவித்து, மீனைப் போட்டு, வெந்ததும் முதற்பாலை ஊற்றி, கொதிக்குமுன் இறக்கி, தேசிக்காய்ப் புளி விட்டால் போதும். முதற்பால் அதிகம் கொதித்தால் திரிந்துவிடும்.

சோறு இல்லாமலே நிற்கும் கறி வறை. சுறாவை மஞ்சளும் உப்பும் சேர்த்து அவித்து, தோல் நீக்கி, நீரைப் பிழிந்து உதிர்க்க வேண்டும். தாச்சியில் வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் தாளித்து, முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் உதிர்த்த மீனும் போட்டுக் கிளற வேண்டும். நீரைச் சரியாகப் பிழியாவிட்டால் வறை களியாகிவிடும். உதிரி உதிரியாக வந்தால் மென்று சாப்பிடும் திருப்தி கிடைக்கும். சோறு தந்த திருப்தியில் பாதி அந்த மெல்லல்தான். கோவாவைச் சோற்றுப் பருக்கை அளவில் நறுக்கி, மூடாமல், பெரிய நெருப்பில் சில நிமிடம் வதக்கினாலும் அந்தப் பதம் வரும். மூடினால் ஆவி நீராகி நசநசத்துவிடும்.

பாரம்பரியம் என்ற பெயரில் ஏமாறவும் கூடாது. குரக்கன் மாவில் நார் அதிகம் என்பது சரி. ஆனால் 100 கிராமில் 70 கிராம் அளவுக்குக் காபோவைதரேற்றும் உண்டு, அரிசியைவிடச் சற்றே குறைவு. குரக்கன் பிட்டு என்பதற்காக மூன்று நீத்துப்பெட்டி சாப்பிட்டால் பயனில்லை. ஒடியல்மாவும் பனங்கிழங்கு மாவே. கூழ் விருப்பமென்றால் மீனையும் நண்டையும் இலைக்கறியையும் கூட்டி, ஒடியல்மாவைக் கூழ் கொஞ்சம் தடிக்கும் அளவுக்கு மட்டும் கரைத்து விடலாம்.

இம்முறை மட்டுமே வழி என்பதும் இல்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், காபோவைதரேற்றைக் குறைத்தவர்களும் கொழுப்பைக் குறைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு எடை இழந்தார்கள். ஆகவே எது வாய்க்கும் வீட்டுக்கும் ஒத்துவருகிறதோ அதுவே நீடிக்கும். இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சிறுநீரக நோயாளருக்கு மீனும் முட்டையும் கூடுவது தீங்காகலாம். இவர்கள் வைத்தியரிடம் கேட்டு, மருந்தின் அளவைச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

வீட்டில் வயல்வேலைக்குப் போகிறவருக்கும் வளரும் பிள்ளைக்கும் சோறு வேண்டும். அதற்காக இரண்டு உலை வைக்கத் தேவையில்லை. கறியை உப்பும் உறைப்பும் குறைத்து எல்லோருக்கும் ஒன்றாகவே சமைத்து, இடிசம்பலையும் ஊறுகாயையும் தனியே வையுங்கள். சோறு நிறையச் சாப்பிடுகிறவர் அவற்றைத் தொட்டுக்கொள்வார்; மற்றவர் வறையை இரண்டாந்தரமும் போட்டுக்கொள்வார். சரிவந்த அளவை உடனே சமையல் புத்தகத்தில் அந்தக் குறிப்பின் ஓரத்தில் எழுதிவிட்டால், அடுத்த முறை யார் சமைத்தாலும் அதே ருசி வரும்.