மின்கிதாரின் எதிரொலி தாளத்தோடு இணைவது எப்படி?

மின்கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே இணைக்கப்படும் டிலே பெடல், உள்ளே வரும் மின் சமிக்ஞையைச் சிறிது நேரம் தேக்கிவைத்து, அதன் நகலை மூல ஒலிக்குப் பின்னால் வெளியிடும் கருவியாகும். அதன் முகப்பில் பொதுவாக மூன்று குமிழ்கள் உண்டு: மூல ஒலிக்கும் நகலுக்கும் இடைப்பட்ட நேரத்தை வகுப்பது ‘டைம்’, நகலின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பி, எதிரொலி எத்தனை முறை கேட்கும் என்பதைத் தீர்மானிப்பது ‘ஃபீட்பேக்’, மூல ஒலியோடு எதிரொலி கலக்கும் அளவைக் கட்டுப்படுத்துவது ‘மிக்ஸ்’.

இடைவெளி ஏறத்தாழ 30 மில்லிநொடிக்குக் குறைந்தால், மனிதச் செவி இரண்டையும் பிரித்தறியாமல் ஒரே ஒலியாக உணர்கிறது. 100 மில்லிநொடியை ஒட்டி வைத்தால், 1950களின் ராக்கபில்லி இசையில் கேட்கும் ஒற்றை எதிரொலி கிடைக்கிறது. அதைவிட நீண்ட இடைவெளிகளில் ஒவ்வோர் எதிரொலியும் தனிச் சுரமாகவே ஒலிப்பதால், அது பாடலின் தாளத்தோடு பொருந்தியாக வேண்டும். 60,000 என்னும் எண்ணை நிமிடத்துக்கான தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு தட்டின் நீளம் மில்லிநொடியில் கிடைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட பாடலில் அது 500; அதன் முக்கால் பங்கான 375-இல் டைம் குமிழை நிறுத்தி, அரைத்தட்டுக்கு ஒரு சுரமாக மீட்டினால், முதல் எதிரொலி இரு சுரங்களுக்கு நடுவே விழுந்து, ஒருவர் வாசிப்பதே இருவர் வாசிப்பதுபோலக் கேட்கிறது; யு2 ராக் குழுவின் கிதார் கலைஞர் தி எட்ஜ் இந்த உத்தியால் புகழ்பெற்றவர்.

ஃபீட்பேக்கை அளவுக்கு மீறித் திருப்பினால், திரும்பும் ஒலி முந்தையதைவிட வலுத்து, அடங்காமல் ஊளையிடத் தொடங்கும். ஆகவே ஃபீட்பேக்கைக் குறைவாக வைத்து, எதிரொலி தெளிவாகக் கேட்கும்படி மிக்ஸை உயர்த்தி, டைமைத் தாளத்தோடு பொருத்திய பின், மூலச் சுரத்தை மறைக்காத அளவுக்கு மிக்ஸைத் தாழ்த்துவதே பயனுள்ள வரிசை.