போதைக்குப் போகும் மனங்கள் ஒரே ரகம் அல்ல

செமரான் என்றொரு போதைப்பொருள் உலகத்தில் கிடையாது. 2011, 2012-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இணையம் வழியாக நடத்திய கணிப்பில் அந்தப் பெயரை வேண்டுமென்றே நுழைத்திருந்தார்கள். கஞ்சா, எல்எஸ்டி, ஹெராயின், மது, நிகோட்டின், ஏன் சாக்லேட்டும் காஃபீனும் உட்பட 18 உண்மையான பொருட்களின் பட்டியலோடு இந்தக் கற்பனைச் சரக்கையும் சேர்த்திருந்தார்கள். அதையும் பயன்படுத்தியதாகச் சிலர் பதில் தந்தார்கள். மிகைப்படுத்திச் சொல்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பொறி. கேள்வியைப் படிக்காமலேயே பதில் போட்டவர்களைப் பிடிக்க இன்னொரு சோதனையும் இருந்தது. பதில் தந்த 2,051 பேரில் 166 பேரைக் கழித்தபின் 1,885 பேர் மிஞ்சினார்கள்.

இவர்களுடைய குணத்தை ஐந்து அளவுகோல்களால் அளந்தார்கள். சட்டென்று கவலைப்படும், மனம் கலங்கும் தன்மை ஒன்று. ஆட்களோடு கலகலப்பாகப் பழகுவது ஒன்று. புதியதைத் தேடும் ஆர்வம், பிறரோடு ஒத்துப்போகும் இயல்பு, ஒழுங்கும் பொறுப்பும் ஆகியவை மற்ற மூன்று. அவசரபுத்தியையும் கிளர்ச்சியைத் தேடும் ஆசையையும் தனியாக அளந்தார்கள். பொதுவாகப் பார்த்தால், தடைசெய்யப்பட்ட போதைப்பொருட்களைப் பயன்படுத்தியவர்களிடம் மனக்கலக்கமும் புதுமை ஆர்வமும் சராசரியைவிடக் கூடுதல். ஒத்துப்போகும் இயல்பும் பொறுப்பும் குறைவு.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் 'போதைக்கென்றே பிறந்த மனசு' என்று ஒன்று இருப்பதுபோல் தோன்றும். பொருளுக்குப் பொருள் பிரித்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ஹெராயின் பயன்படுத்தியவர்களையும் எக்ஸ்டசி பயன்படுத்தியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கூட்டத்திடம் மனக்கலக்கம் அதிகம், ஆள் பழக்கம் குறைவு. எக்ஸ்டசி நடனக் கொண்டாட்டங்களில் புழங்கும் மாத்திரை. அதை நாடுபவர்கள் கலகலப்பானவர்கள், புதுமை விரும்பிகள். ஒருவர் வலியை மறக்கப் போகிறார், இன்னொருவர் கொண்டாடப் போகிறார். இரண்டு பேரையும் ஒரே சொல்லால் 'போதை ஆசாமி' என்று அழைப்பதால் யாருக்கும் உபயோகம் இல்லை.

இந்தக் கணிப்பில் கலந்துகொண்டவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள்; ஊரின் சரியான மாதிரி அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல், எது முதலில் வந்தது என்பது. கலங்கிய மனம் போதையைத் தேடியதா, போதை மனதைக் கலக்கியதா? ஒரே ஒரு முறை கேட்டு வாங்கிய பதில்களைக் கொண்டு இதைச் சொல்ல முடியாது. குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தொடர வேண்டும். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் அதைச் செய்தார்கள். 1972, 1973-இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளின் தன்னடக்கத்தை 3 வயது முதல் 11 வயதுவரை அளந்து வைத்தார்கள். 32 வயதில் பார்த்தபோது, சிறுவயதில் தன்னடக்கம் குறைந்திருந்தவர்களிடம் போதைச் சார்பு கூடுதலாக இருந்தது. குடும்ப வசதியையும் புத்திக்கூர்மையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

அதற்காக, குணமே தலைவிதி ஆகிவிடாது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி இருந்தார். 1971-இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே அடிமையானவர்களில், திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதமே. ஆள் அதே ஆள். போர் இல்லை, மலிவாகவும் சுலபமாகவும் கிடைத்த ஹெராயின் இல்லை.

இந்த அறிவை வைத்து என்ன செய்யலாம்? பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து 'போதை கெட்டது' என்று பேசுவது பழைய முறை. பலன் சொற்பம் என்று அமெரிக்காவில் பலமுறை தெரிந்தும் அந்த வழக்கம் விடவில்லை. கனடாவின் பெட்ரீசியா கான்ராட் வேறு வழி எடுத்தார். ஆபத்துக்கு வாசல் திறக்கும் நான்கு குணங்களை அவர் குறித்துக்கொண்டார்: எதிர்காலத்தில் நம்பிக்கையின்மை, பதற்றத்தைக் கண்டே பயப்படுவது, அவசரபுத்தி, கிளர்ச்சித் தேடல். ஒரு சிறு கேள்வித்தாளில் இவற்றில் ஒன்று தூக்கலாக இருக்கும் மாணவர்களை மட்டும் அழைத்து, அந்தந்தக் குணத்துக்கென்று தனி வகுப்பு. ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டே அமர்வுகள்.

அங்கே போதையைப் பற்றிய பேச்சு குறைவு. நெஞ்சு படபடக்கும்போது ஏதோ ஆகப்போகிறது என்று பயப்படும் பெண்ணுக்கு, அந்தப் படபடப்பைக் குடித்து அடக்காமல் கடந்துபோகும் வழியைச் சொல்லித் தருகிறார்கள். 'யோசிக்காமல் செய்துவிட்டேன்' என்று அடிக்கடி வருந்தும் பையனுக்குச் செய்வதற்கு முன் ஒரு நொடி நிற்கும் பயிற்சி. மான்ட்ரியால் வட்டாரத்தின் 31 உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, இந்த வகுப்புகள் நடந்த பள்ளிகளில் போதைக் கோளாறுக்கு ஆளாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிய வேகம் மற்றப் பள்ளிகளைவிடக் குறைவாக இருந்தது.