டூ-ஸ்ட்ரோக்கின் புகை எங்கிருந்து வருகிறது?

டூ-ஸ்ட்ரோக் என்றாலே புகை என்று முடிவுகட்டிவிட்டோம். கொருக்குப்பேட்டையில் மோட்டார் பூட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? அவற்றில் பல, கழித்துப்போட்ட பைக், ஸ்கூட்டர் எஞ்சினில் ஓடுபவை. ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி, சென்னைத் துறைமுகத்துக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுவதும் டூ-ஸ்ட்ரோக்தான். அது எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை வேலையாக மாற்றுகிறது. சிலிண்டரில் எரிந்த புகையை எதைக் கொண்டு வெளியே தள்ளுகிறோம் என்பதே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் நான்கு நடையில் செய்வதை டூ-ஸ்ட்ரோக் இரண்டே நடையில் முடிக்கிறது. கிராங்க் ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. சின்ன பெட்ரோல் எஞ்சினில், பிஸ்டன் ஏறும்போது காற்றும் பெட்ரோலும் ஆயிலும் கலந்து கிராங்க் அறைக்குள் வருகின்றன. இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, சுவரிலுள்ள துவாரம் வழியே சிலிண்டருக்குள் பாய்ந்து, பழைய புகையை வேறொரு துவாரத்தில் தள்ளுகிறது. இரண்டு துவாரமும் ஒருசேரத் திறந்திருப்பதால் புதுக் கலவையில் கால் பங்கு எரியாமலே சைலன்சருக்குப் போய்விடலாம். பெட்ரோலோடு ஊற்றும் 2டி ஆயிலும் எரிந்து நீலப்புகையாகிறது. கப்பலிலோ புகையைத் தள்ளுவது வெறும் காற்று. டர்போசார்ஜர் அனுப்பும் காற்று அடித் துவாரங்களில் நுழைந்து, மேலேயுள்ள எக்ஸாஸ்ட் வால்வை நோக்கி ஒரே திசையில் ஏறும். வழிகள் மூடிய பிறகுதான் எரிபொருள் பீய்ச்சப்படும். வீணாவது காற்று மட்டுமே.

கப்பல் புகையும் நச்சுதானே என்பார்கள். உண்மை, அதில் ஒரு பங்கு எரிபொருளின் தரத்தால் வருவது. அதனால்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020இல் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தது; எஞ்சின் வகையை அது தடை செய்யவில்லை. புகையை வெறும் காற்றால் தள்ளும் முறை சின்ன வண்டிக்கு ஒத்துவருமா என்பது இன்னும் கனமான கேள்வி. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவை பஜாஜ் 2007இல் கொண்டுவந்தது. ஆகவே தொழில்நுட்பம் தடையல்ல. ஆனால் இன்ஜெக்டரும் மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்தால், மலிவு, தெருமுனை மெக்கானிக்கே பிரித்து மாட்டும் எளிமை என்ற பழைய பலங்கள் போய்விடும். டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் 2015இல் 100 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறியது சரியான முடிவு என்றே சொல்வேன். அப்படி மாறும் செலவை ஒரு பெரிய கம்பெனி தாங்கும். மூட்டைக்குக் கூலி வாங்கும் மீன்பாடி வண்டிக்காரர் தாங்கமாட்டார். வண்டியைப் பறிமுதல் செய்தால் புகையோடு அவர் பிழைப்பும் போகும். அந்தப் பழைய எஞ்சினை வாங்கிக்கொண்டு, மானியத்தில் மின்மோட்டார் பூட்டித் தருவதை அரசு செய்ய வேண்டும்.