லண்டன் போனும் 28ஆம் திகதியும்

"அண்ணை, பெரியம்மா லண்டனிலயிருந்து வரேக்க கொண்டுவந்து தந்தவ. செவ்வாய்க்கிழமையோட இது வேலை செய்யாதாம். உண்மையோ?"

நீர்வேலிச் சந்திக்குக் கிட்ட, பஸ் நிற்கிற இடத்தோடு ஒட்டிய ஒரு போன் கடை. நான் றீலோட் போடப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள், ஒருவர்கூட றீலோட்டுக்கு வந்தவரில்லை. கடைக்காரத் தம்பி ஒவ்வொரு போனாக வாங்கி *#06# அடிக்கிறார். திரையில் வரும் பதினைந்து இலக்கங்களையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிக்கொள்கிறார், பக்கத்தில் ஆளின் பெயரையும்.

"ஏன் தம்பி எழுதுறீர்?"

"சும்மாதான் அண்ணை. பிறகு தேவைப்படும்."

இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் அந்த வரிசையைவிட நீளம். மார்கழி விடுமுறைக்கு வந்து போனவர்கள் கொடுத்த போன்கள், கனடாப் பொதியில் வந்த போன்கள், சென்னைக்குப் போய்த் திரும்பியவர்கள் வாங்கி வந்த போன்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சிலர் கோபமாகவும் கேட்கிறார்கள், நான்தான் தடை போட்டவன் மாதிரி.

சுருக்கமான பதில் இது. 2025 ஜனவரி 28 முதல், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் ஐ.எம்.ஈ.ஐ. எண் பதியப்படாத கருவிகளுக்குள் சிம் போட்டால் வலையமைப்பு ஏற்காது என்று ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன்னரே இங்கு பாவனையில் இருந்த போன்களுக்குப் பாதிப்பில்லை. புதிதாக வாங்குபவர்கள் ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, பதினைந்து இலக்கங்களையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும். கடையில் கேட்ட அந்தப் பிள்ளை லண்டன் போனை ஏற்கெனவே தன் சிம்மைப் போட்டுப் பாவித்துக்கொண்டுதான் இருந்தது. ஆகவே அது பிழைத்தது.

பெரும்பாலான வாசகர்களுக்கு இத்துடன் விஷயம் முடிந்துவிடும். என்னைப் பிடித்து நிறுத்தியது அறிவிப்பில் உள்ள ஆறுதல் வாசகம்தான்: முன்னரே பாவனையில் இருந்தவைக்குப் பாதிப்பில்லை. எது முன்னரே பாவனையில் இருந்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் போனை உயிர்ப்பித்ததும் அது அருகிலுள்ள கோபுரத்திடம் தன்னை அறிமுகம் செய்கிறது. அப்போது இரண்டு எண்கள் போகின்றன. ஒன்று சிம்முக்குள் இருப்பது; ‘நான் இன்ன வாடிக்கையாளர்’ என்பது. மற்றது கருவிக்குள் இருக்கும் ஐ.எம்.ஈ.ஐ.; ‘நான் இன்ன போன்’ என்பது. சிம்மை மாற்றினால் முதல் எண் மாறும், இரண்டாவது மாறாது. போனை மாற்றினால் மறுவளமாக நடக்கும். இரண்டையும் சேர்த்து எழுதிவைத்தால், எந்தச் சிம் எந்தப் போனில் எப்போதிலிருந்து இருக்கிறது, அதற்கு முன் எந்தப் போனில் இருந்தது, அந்தப் பழைய போன் இப்போது யார் கையில் என்பதெல்லாம் தானாக விரிந்து வரும். அழைப்புப் பதிவுகளில் கருவியின் எண்ணும் விழுகிறது. களவு போன போன்களைப் பொலிஸார் கண்டுபிடிப்பது இந்த வழியில்தான்.

வாசலில் நிற்கும் காவலாளியைப் போல வலையமைப்புக்குள் ஒரு பதிவேடு இருக்கும். உலகம் முழுக்க அதன் அமைப்பு ஒன்றுதான், மூன்று பட்டியல்கள். வெள்ளைப் பட்டியலில் இருந்தால் உள்ளே விடும். கறுப்பில் இருந்தால் விடாது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கிறது: உள்ளே விடு, ஆனால் கண் வைத்துக்கொள். இந்தச் சாம்பல் பட்டியலைப் பற்றி எந்த நாட்டு விளம்பரத்திலும் நான் பெரிதாக வாசித்ததில்லை.

இப்போது அந்த ஆறுதல் வாசகத்துக்குத் திரும்பி வாருங்கள். 28ஆம் திகதிக்கு முந்தியது, பிந்தியது என்று பிரிக்க வேண்டுமானால், முந்தியவற்றின் பட்டியல் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். டயலொக்கில் பாவித்த போனை நாளைக்கு ஹட்ச் சிம்முடன் பாவித்தாலும் தடை வரக்கூடாது என்றால், ஒரு நிறுவனத்தின் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது; எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதாவது, உங்களுக்குப் பாதிப்பில்லை என்ற வாக்குறுதியைக் காப்பாற்றுவதற்கே உங்களைப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. கடைத் தம்பியின் கொப்பியும் அந்த மாதிரித்தான்: சும்மாதான், பிறகு தேவைப்படும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.எம்.ஈ.ஐ. எண் போனுக்குப் போன் வேறாக இருக்க வேண்டும் என்பது விதி. மலிவுப் போன் சந்தையில் விதி வேறு. 2020இல் இந்தியாவின் மீரட் நகரப் பொலிஸார், 13,500க்கும் அதிகமான போன்கள் ஒரே எண்ணோடு இயங்குவதைக் கண்டு வழக்குப் பதிந்தார்கள். தொழில் தெரிந்தவர் கையில் கணினி இருந்தால் எண்ணை மாற்றியும் எழுதிவிடுவார். எண்ணை மட்டும் நம்பி வாசலில் நின்றால் காவலாளி ஏமாறுவான். ஆகவே பாகிஸ்தான் என்ன செய்தது? 2018க்குப் பிறகு அங்கே கொண்டுவந்த முறையில், விதிக்கு அமையாத பழைய போன்களை அவை பாவித்துக்கொண்டிருந்த சிம்மோடு சோடி சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அந்தப் போன் அந்தச் சிம்மில் மட்டும் வேலை செய்யும். பசுவைக் கட்டையில் கட்டுவது போல.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது? அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத்தானே எடுத்தோம். போன் எண், சிம் எண், அடையாள அட்டை எண் மூன்றும் ஒரு வரியில் வந்துவிட்டால், அந்த வரி ஒரு கருவியைப் பற்றியது அல்ல, ஓர் ஆளைப் பற்றியது.

அடையாள அட்டை என்றதும் இந்த ஊர்க்காரருக்கு வேறு நினைவுகள் வரும். 1972இல் வரத் தொடங்கிய அந்த அட்டையின் பழைய எண்ணிலேயே ஒரு மனிதன் பாதி இருக்கிறான். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. வடக்கு, கிழக்கில் கொடுத்த அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது, ஏனைய இடங்களில் சிங்களம் மட்டும். 2014இல்தான் எல்லோருக்கும் இரு மொழி வந்தது. மொழி உரிமையாக அட்டையில் ஏறிய தமிழெழுத்து, போர்க்காலத்தில் கொழும்புச் சோதனைச் சாவடியில் என்ன வேலை செய்தது என்பதை நாற்பது வயது தாண்டிய எவரிடமும் கேளுங்கள். அட்டையை வடிவமைத்தவர் அதை நினைத்திருக்கமாட்டார். பட்டியலும் அடையாளமும் எதற்காக உண்டாக்கப்பட்டனவோ அதற்கு மட்டும் பாவிக்கப்படும் என்று நம்பச் சொன்னால், நாங்கள் கொஞ்சம் யோசித்துத்தான் நம்புவோம்.

சரி, ஏன் இப்போது? இப்படியான திட்டத்துக்கு எந்த நாட்டிலும் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: தரமற்ற போன் வரக்கூடாது, களவு குறைய வேண்டும், குற்றவாளி அகப்பட வேண்டும். மூன்றும் நல்லவைதான். ஆனால் கள்ளனுக்கு எண்ணை மாற்றி எழுதத் தெரிந்தவரைத் தெரியும், பெரியம்மாவுக்குத் தெரியாது. வாசலில் அகப்படப் போவது யார் என்று நீங்களே பாருங்கள்.

நான்காவது காரணம் மேடைகளில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 2024 ஜனவரி 1 முதல் கைத்தொலைபேசிக்கு இருந்த பெறுமதி சேர் வரி விலக்கு போய், 18 வீதம் ஏறியது. ஒரு லட்சம் ரூபாப் போனில் வரி மட்டும் 18,000. வரி கட்டி இறக்குமதி செய்த கடைக்காரருக்கும், பயணப் பெட்டியில் கொண்டுவந்து விற்பவருக்கும் இடையில் அன்றே பெரிய பள்ளம் விழுந்தது. பதிவு செய்த போன் மட்டும் பேசும் என்றால் பள்ளம் மூடுகிறது. வருமானம் தேடும் அரசாங்கம் அதைச் செய்வதில் தவறு சொல்லமாட்டேன். வரி கட்டும் கடைக்காரருக்கும் நியாயம் வேண்டும்தானே. வரி என்றால் வரி என்று சொல்லலாம். பாதுகாப்பு என்று பெயர் வைக்கும்போதுதான் சந்தேகம் வருகிறது.

சந்தேகத்துக்குக் காரணம் ஆணைக்குழுவின் பழைய கணக்குத்தான். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் நின்றன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு மறுபடி நின்றன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, போராட்டத்துக்கு மக்கள் கூடவிருந்த ஞாயிற்றுக்கிழமை, பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டது என்று சொல்லி மீண்டும் நிறுத்தினார்கள். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தான் வி.பி.என். பாவிப்பதாகவும் இப்படியான தடைகள் பயனற்றவை என்றும் எழுதினார். அவர் சொன்னது சரி. செயலியைத் தடுத்தால் சுற்றிப் போக வழி இருந்தது.

கருவியின் எண்ணைத் தடுத்தால் வி.பி.என். உதவாது. ஒரு போனை, ஒரு தெருவின் போன்களை, பட்டியலில் நிறம் மாற்றி ஊமையாக்க ஒரு கட்டளை போதும். செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. முன்பு கையில் இல்லாத ஆளி ஒன்று இப்போது கையில் வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நீர்வேலியில் வாழைக்குலை வெட்டுகிறவர் விலை கேட்பதும், வியாபாரி லொறி எங்கே வருகிறது என்று சொல்வதும் ஒரே ஒரு போனில்தான். இதரை வாழைக்குலை பழுத்தால், தடைக்கு எதிரான மேன்முறையீட்டின் முடிவு வரும்வரை காத்திருக்காது.

பட்டியல் தவறாகப் பாவிக்கப்படுவதைத் தடுப்பதற்குச் சட்டம் இருக்கிறதா? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், அந்த ஆண்டு மார்ச்சிலேயே சான்றுப்படுத்தப்பட்டது. தரவு அதிகார சபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு, பிழையென்றால் திருத்து என்று நாம் கேட்கக்கூடிய பகுதிகள் 2025 ஜனவரி வரை நடைமுறைக்கு வரவில்லை. பூட்டு வந்தது, திறப்பு வரவில்லை. இதற்கிடையில், இந்தியாவின் 300 கோடி இந்திய ரூபா நன்கொடையுடன் முகம், கைரேகை, கண்விழி பதியும் டிஜிட்டல் அடையாளத் திட்டமும் வருகிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். அதற்கும் கடிதங்கள் குவிகின்றன.

மற்றக் கேள்விகளுக்கு வரிக்கு ஒன்றாக:

இரண்டு சிம் போடும் போனுக்கு? இரண்டு எண்கள் வரும், இரண்டையும் பாருங்கள்.

பாவித்த போன் வாங்கலாமா? காசு கொடுக்க முன்னர், விற்பவருக்கு முன்னாலேயே 1909க்கு அனுப்புங்கள்.

தடை பட்ட போன் முழுக்கச் செத்துவிடுமா? இல்லை, சிம்தான் வேலை செய்யாது; வீட்டு வைஃபையில் எல்லாம் ஓடும்.

சிம் போடாத ரப்புக்கு? உங்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

பெரியப்பா அடுத்த மாதம் கனடாவிலிருந்து புதிதாகக் கொண்டுவருகிறாராம்? பெட்டியில் வைக்க முன்னர் ஆணைக்குழுவிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஆணைக்குழுவிலிருந்து பேசுகிறோம், எண்ணைச் சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால்? வையுங்கள் போனை.

அம்மாவின் பழைய நோக்கியா? அவ பேசட்டும்.

பட்டியல் யார் கையில் இருக்கிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், பொலிஸோ படையோ கேட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டுமா, தவறாகத் தடைபட்டவர் எத்தனை நாளில் மீளலாம் என்று நான்கு கேள்விகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்கு அனுப்பியிருக்கிறேன். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். நீங்களும் அனுப்புங்கள். படிவம் கட்டாயமில்லை, வெள்ளைத்தாள் போதும். தமிழிலேயே எழுதலாம்.